பிடியை விட்ட கைகள்

நிலநடுக்கத்தில் வீடும் கணவனும் போன பிறகு அனார்குல் தன் மகளோடு ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருந்தாள். சரக்கு ரயிலில் வந்த பெட்டி. நாரின் என்ற எங்கள் மலையூரின் குளிரில் அதன் உள்சுவரில் மூச்சு உறைந்து வெள்ளையாகப் படியும். அவள் குறை சொன்னதில்லை. எதைப் பற்றியுமே சொன்னதில்லை.

எங்கள் மலைச்சரிவில் இயந்திரத்தால் மண்வீடு கட்டிப் பார்க்க ஒரு குழு வந்தது. மண், சுண்ணாம்பு, நறுக்கிய ஆட்டுக் கம்பளி. அந்தக் குழைவைக் குழாய் கயிறுபோலச் சுற்றிச் சுற்றி அடுக்கும். ஈரத்தின் மேல் ஈரம் விழுந்தால்தான் ஒட்டும். சுவர் சோதனையில் நின்றால் வீடு அனார்குலுக்கு என்றார்கள். குழாயை ஓட்டும் வேலையும் அவளுக்கே. பிடியை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் மண் வரும். நான் ஈரம் அளந்தேன்.

சுவர் ஜன்னல் உயரம் வந்த அன்று பெரியவர் தொக்தோசுன் குதிரையில் வந்தார்.

"என்னம்மா இது, மாடு சாணி போட்ட மாதிரி வீடு கட்டுற?"

"சாணி இல்லைங்கய்யா, என் அடுப்படி."

சிரித்துக்கொண்டே இறங்கியவர் ஆசி சொல்ல உள்ளங்கை இரண்டையும் ஏந்தினார். எல்லோரும் ஏந்தினோம். அனார்குலும். மண் நின்றது.

ஆசி நீண்டது. வீட்டுக்கு, மகளுக்கு, வரப்போகும் மருமகனுக்கு, குழுவின் எஞ்சினியர் எர்கினின் ஜீப் டயருக்கும்கூட. நடுவில் கையை இறக்குவது எங்களிடம் மரியாதையில்லை. ஆசி முடிந்து "ஓமின்" என்று எல்லோரும் முகத்தைத் தடவியபோது மேலடுக்கு வெயிலில் காய்ந்து தோல் கட்டியிருந்தது.

"அக்கா, ஏன் கைய எடுத்தீங்க?" என்றான் எர்கின்.

"நீயும்தானே ஏந்தின?"

"நானா மெஷின் ஓட்டுறேன்? சரி விடுங்க, தண்ணி தெளிச்சு ஓட்டுங்க. ஒட்டிக்கும்."

ஒட்டவில்லை. சோதனை நாளில் நிலநடுக்கம் உலுக்குவதுபோலச் சுவரைப் பக்கவாட்டில் தள்ளினார்கள். விரிசல் அந்த அடுக்கின் மேலேயே கோடு போட்டதுபோல் ஓடியது. மற்ற இடமெல்லாம் உறுதி. ஆனாலும் ஆள் குடியிருக்கக் கூடாது என்றுவிட்டார்கள்.

பெரியவர் வந்து விரிசலைத் தடவிப் பார்த்தார். "என் வாய்தான் காரணமாம்மா?"

"வாய் இல்லைங்கய்யா. கை." தன் கையைக் காட்டினாள், வேறு யாருடையதையோ காட்டுவதுபோல. பிறகு தேநீர் வைக்கப் பெட்டிக்குள் போனாள்.

பனி வந்தது. அந்த வீட்டில் யாருடைய ஆடுகளோ ஒதுங்கின. அனார்குல் காலைதோறும் பெட்டிச் சுவரின் வெள்ளையைக் கரண்டியால் சுரண்டினாள்.

கோடையில் அவளுக்காகவே இரண்டாவது வீட்டைத் தொடங்கினார்கள். சுவர் அதே உயரம் வந்தபோது பெரியவரும் வந்தார். ஏந்தினார். ஏந்தினோம். அனார்குல் இடது உள்ளங்கையை மட்டும் விரித்தாள். வலது கை பிடியில் இருந்தது. மண் வந்துகொண்டிருந்தது.

"ஒத்தக் கையா? நல்ல மரியாதை!" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

பெரியவர் பிடியில் இருந்த கையைப் பார்த்தார்.

"இந்தச் சுவர் நிக்கட்டும். ஓமின்."

அவள் இடது கையால் பாதி முகத்தைத் தடவிக்கொண்டாள்.