தோல் போர்த்திய கன்று

சந்தேகப்படுவதில் எங்கள் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. பால் டப்பாவில் என்ன தேதி போட்டிருந்தாலும் முகர்ந்து பார்க்காமல் ஊற்ற மாட்டாள். பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். அந்தக் குணம் அப்படியே எனக்கு வந்திருந்தது. பல் விழுந்தால் தேவதை வந்து எடுத்துக்கொண்டு போகும் என்று பள்ளியில் சொன்னார்கள். நான் வீட்டில் யாருக்கும் மூச்சு விடாமல் பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். மூன்று நாள் கழித்தும் பல் அங்கேயே கிடந்தது. இந்த ஊரில் பெரியவர்கள் எல்லோரும் கூடிப் பேசிக் குழந்தைகளை ஏமாற்றுகிறார்கள் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அமெரிக்காவில், டெக்ஸஸின் இர்விங் என்ற ஊரில் ஒரு அபார்ட்மெண்டின் இரண்டாவது மாடியில் இருந்தோம். அம்மாவுக்குப் பக்கத்தில் லாஸ் கோலினாஸில் கம்ப்யூட்டர் வேலை. அப்பா ஊரில் கால்நடை டாக்டர். காங்கேயம் பக்கம் அரசாங்க ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம் மாடு பார்த்தவர், அம்மாவுக்கு இங்கே வேலை கிடைத்ததும் அதை விட்டுவிட்டு வந்தார். வந்த இடத்தில் அந்தப் படிப்பு செல்லாது என்றார்கள். வெளிநாட்டில் படித்தவர்களுக்கென்று ஒரு பரீட்சை இருக்கிறது, அதைத் தேறி லைசென்ஸ் வாங்கினால்தான் மாட்டின் மேல் கை வைக்கலாம். அப்பா இரண்டு தடவை எழுதினார், இரண்டு தடவையும் ஊற்றிக்கொண்டது. மூன்றாவது தடவை வருகிற ஜூனில். அதற்குள் லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்த்தான் என்று எவனாவது ஒரு புகார் எழுதிப் போட்டால் டாக்டர் ஆசையை அதோடு மறந்துவிட வேண்டியதுதான் என்று அம்மா தினம் ஒரு தடவையாவது சொல்வாள்.

இதெல்லாம் என் காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. எனக்குத் தெரிந்தது ஹாலில் சோபாவுக்கு மேலே தொங்கிய அப்பாவின் சர்டிபிகேட் மட்டும்தான். அதன் மூலையில் தங்க நிறத்தில் ஒரு முத்திரை இருக்கும். வீட்டுக்கு வருகிற அங்கிள், ஆன்ட்டி எல்லோரையும் கையைப் பிடித்து இழுத்துப் போய் அதைக் காட்டி, எங்கப்பா டாக்டர் என்று இங்கிலீஷில் பீற்றிக்கொள்வேன்.

கிரீன் கார்டு வந்த பிறகு அப்பாவுக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. இறைச்சிக்காக மாடு வளர்க்கிற பண்ணைகளுக்குப் போய் மந்தையின் ஆரோக்கியத்தைப் பற்றி சர்வே எடுக்க வேண்டும். எந்த மாதம் காளையைச் சேர்க்கிறீர்கள், என்னென்ன தடுப்பூசி போடுகிறீர்கள், இந்த வருஷம் எத்தனை கன்று செத்தது, செத்ததை என்ன செய்தீர்கள் என்று புத்தகம் மாதிரி தடியாக ஒரு படிவம். அவர்கள் சொல்வதைச் சொன்னபடி எழுத வேண்டும். யோசனை சொல்லக் கூடாது, திருத்தக் கூடாது. பன்னிரண்டு வருஷம் டாக்டராக இருந்த ஆளுக்கு வாயையும் கையையும் கட்டிப் போடுகிற வேலை.

பண்ணைக்காரர்களோ அம்மாவுக்கே பாடம் எடுக்கிற சந்தேகப் பிராணிகள். போனில் அப்பாவின் பேரைக் கேட்டதும் பாதிப் பேர் வைத்துவிடுவார்கள். மிச்சப் பேர், இதெல்லாம் உனக்கு எதற்கு, இதை வைத்து யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று இவரை சர்வே எடுப்பார்கள். படிவத்தின் முதல் கேள்வியே உங்களிடம் எத்தனை மாடு என்பதுதான். அதை அப்பா ஒருபோதும் முதலில் கேட்டதில்லை. எங்கள் ஊரில் பட்டிக்காரரிடம் போய் எத்தனை உருப்படி என்று கேட்டால் கண் வைக்க வந்தவன் என்று நினைப்பார்களாம். இங்கேயும் மூஞ்சி அதே மாதிரிதான் போகிறது என்று அவர் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்.

மார்ச்சில் பள்ளிக்கு ஸ்பிரிங் பிரேக் லீவு வந்தது. அம்மாவுக்கு லீவு இல்லை. என்னை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது, தன்னோடு கூட்டிக்கொண்டு போவதாக அப்பா சொன்னார். அம்மா தயங்கினாள். “கொழந்த கூட இருந்தா கேட்டைத் தெறந்து உள்ள உடுவாங்க” என்று அப்பா தணிந்த குரலில் சொன்னது கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு நன்றாகக் கேட்டது. ஓஹோ, நம்மைத் தூண்டில் புழுவாகக் கொண்டு போகிறாரா என்று அப்போதே எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து அப்பா மேல் ஒரு கண் வைத்தேன்.

கிளம்புகிறபோது அம்மா வாசல் வரை வந்தாள். “ஏனுங்க, எந்த மாட்டையும் தொட்டுப் போடாதீங்க. கேட்டமா, எழுதுனமா, வந்தமான்னு இருங்க.”

அப்பா தலையை ஆட்டினார். ஒன்றரை மணி நேரம் மேற்கே போனோம். ஃப்ரீவே தீர்ந்து, தார் ரோடு தீர்ந்து, கடைசியில் செம்மண் பாதையில் ஒரு இரும்பு கேட்டுக்கு முன்னால் கார் நின்றது. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் பழைய பிக்கப் டிரக்கில் சாய்ந்துகொண்டு நின்றார். தொப்பியின் நிழலில் கண் தெரியவில்லை. அப்பா பேரைச் சொன்னார், வேலையைச் சொன்னார், அட்டையைக் காட்டினார். பெரியவர் அசையவில்லை. அப்புறம் குனிந்து, காருக்குள் இருந்த என்னைப் பார்த்தார். கேட் திறந்தது. அப்பா சொன்னபடியே நடந்ததில் எனக்கு எரிச்சலாக வந்தது.

வீட்டுக்குள் வா என்று அவர் கூப்பிடவில்லை. டிரக்கின் பின்பலகையை இறக்கிவிட்டு, எழுதுவதானால் இதன் மேல் வைத்து எழுது என்றார். அப்பா பென்சிலை எடுத்தார். தடுப்பூசி போடுவீர்களா? போடுவேன். என்னென்ன? எல்லாம். டாக்டர் கடைசியாக எப்போது வந்தார்? தேவைப்பட்டபோது. ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அப்பாவை மேலும் கீழும் ஒரு பார்வை. எனக்கு அலுத்துப் போயிற்று. சற்றுத் தள்ளி மரப்பலகை அடைப்பு ஒன்று தெரிந்தது, மெல்ல அங்கே நகர்ந்தேன்.

அடைப்புக்குள் ஒரு சிவப்பு மாடும் ஒரு கன்றும் இருந்தன. கன்றைப் பார்த்ததும் எனக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. அது வெள்ளைக் கன்று. ஆனால் முதுகின் மேல் சிவப்பாக ஒரு சட்டை. சட்டையில் முடி இருந்தது. நான்கு கால்களுக்கும் நான்கு ஓட்டை போட்டு, வயிற்றுக்குக் கீழே சணல் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். அது சட்டை இல்லை, இன்னொரு கன்றின் தோல். ஈ மொய்த்து, நாற்றம் குடலைப் பிடுங்கியது. கன்று மடியை நோக்கிப் போகும். மாடு திரும்பி அதன் பின்பக்கத்தை மோந்துவிட்டு ஒரே முட்டாக முட்டித் தள்ளும். கன்று விழுந்து எழுந்து மறுபடியும் போகும்.

நான் ஓடி வந்தேன். இந்த வருஷம் எத்தனை கன்று செத்தது என்று அப்பா கேட்டு, ஒன்றும் இல்லை என்று பெரியவர் சொல்லி, அப்பா கட்டத்தில் சைபர் போட்டுக்கொண்டிருந்தார். நான் இங்கிலீஷில், எல்லோருக்கும் கேட்கிற குரலில், அப்படியென்றால் அந்தக் கன்று யாருடைய தோலைப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று கேட்டேன்.

பெரியவர் என்னைப் பார்த்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்தார். பின்பலகையைத் தூக்கி மூடுவதற்காகக் கையை வைத்து, முடிந்தது, நீங்கள் போகலாம் என்றார். மந்தையில் நோய் என்று எவனாவது எழுதி வைத்தால் ஒரு மாட்டைக்கூட விற்க முடியாது என்று அவருக்குப் பயம். இது எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு, கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்ற குஷியில் நின்றேன்.

அப்பா படிவத்தை எடுக்கவில்லை. அடைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்று செத்த மாட்டிடம் வேறு கன்றைச் சேர்ப்பதற்காகச் செத்ததன் தோலைப் போர்த்திவிடுகிற வித்தை அவருக்குப் பார்த்ததும் புரிந்திருக்கும். எத்தனை நாளாக மாடு கன்றைச் சேர்க்கவில்லை என்று மெதுவாகக் கேட்டார். நேற்றிலிருந்து என்று பெரியவரும் வேண்டாவெறுப்பாகச் சொன்னார். இருவரும் நடந்து போய்ப் பலகை ஓரத்தில் நின்றார்கள். அப்பா இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். தோல் தோள்பக்கம் ஏறிப் போயிருக்கிறது, பின்பக்கம் திறந்து கிடக்கிறது, தாய் மோந்து பார்ப்பது வாலடியைத்தான், தோலைப் பின்னால் இழுத்துக் கட்ட வேண்டும் என்றார். யோசனை சொல்லக் கூடாது என்ற விதி அந்த இடத்திலேயே போய்விட்டது.

பெரியவர் அவர் பக்கம் முழுதாகத் திரும்பினார். நீ யார், நிஜமாகவே சர்வேக்காரன்தானா என்று கேட்டார். பிறகு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார், நீ மாட்டு டாக்டரா?

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். சொல்லுங்கப்பா, சர்டிபிகேட்டைப் பற்றிச் சொல்லுங்க என்று மனதுக்குள் குதித்தேன்.

“நோ, சார்” என்றார் அப்பா. “ஐ ஜஸ்ட் ஆஸ்க் த கொஸ்டின்ஸ்.”



பெரியவர் அடைப்புக்குள் இறங்கிக் கன்றைப் பிடித்தார். ஒரு கையால் பிடித்து ஒரு கையால் கட்ட முடியவில்லை, கன்று துள்ளியது. அப்பாவின் கைகள் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தன. தோல் நழுவிச் சேற்றில் விழுந்தது. அப்பா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு கைகளை வெளியே எடுத்தார், சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பலகையைத் தாண்டிக் குதித்தார்.

அப்பா குதித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தோலை உதறிப் போட்டு, பின்பக்கம் இழுத்து, வாலோடு வால் சேர்த்து, அந்தச் சணலில் அவர் போட்ட முடிச்சைக் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டார். நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுத்தார். அந்த டெக்ஸஸ் மாட்டுக்கு அது எப்படிப் புரிந்ததோ, காதைத் திருப்பியது. கன்றை மடிப்பக்கம் தள்ளிவிட்டு நகர்ந்து நின்றார். மாடு மோந்தது. இன்னொரு தரம் மோந்தது. அப்புறம் நாக்கை நீட்டி அந்தச் செத்த தோலை நக்க ஆரம்பித்தது. அதற்குள் கன்று காம்பைப் பிடித்துவிட்டது.

“ஊர்ல செத்த கன்னோட தோலுக்குள்ள வைக்கோலத் திணிச்சு முன்னால நிறுத்துவாங்க கண்ணு” என்று என்னிடம் தமிழில் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு. “அங்க கன்னே பொய்யி. இங்க தோலு மட்டுந்தான் பொய்யி.”

நான் சிரிக்கவில்லை.

பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு டிரக்குக்கு வந்தார். அப்புறம் படிவத்தின் மேல் விரலை வைத்து, “செவன்” என்றார். செத்தது ஏழு கன்று. அப்பா சைபரை ரப்பரால் அழித்துவிட்டு ஏழு என்று எழுதினார். அதற்குப் பிறகு அந்த மனிதர் நிறுத்தவே இல்லை. மனைவி இருந்தவரைக்கும் ஈனும் மாடுகளை அவள்தான் பார்த்துக்கொண்டாள், இப்போது தனி ஆளாக முடியவில்லை என்றார். எத்தனை மாடு என்று அப்பா கடைசிக்குத் தள்ளியிருந்த கேள்விக்கும் தானாகவே பதில் வந்தது. போகும்போது எனக்கு ஒரு ரூட் பீர் கொடுத்தார், பேரில்தான் பீர், உள்ளே வெறும் கலர் சோடா. நான் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

அவருக்கு அப்பா மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது. அது நேராக என்னிடம் வந்து உட்கார்ந்துகொண்டது. காரில் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டாக்டர் இல்லை என்று இவர் வாயாலேயே சொன்னார். டாக்டராக இருந்தால் அந்தத் தாத்தாவிடம் பொய் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் இத்தனை வருஷமாக எங்களிடம் பொய் சொல்லியிருக்கிறார். எது என்று புரியாமல் தவித்துக்கொண்டிருந்தபோது, இர்விங் நெருங்க நெருங்க அப்பா தொண்டையைச் செருமினார். “மாட்டத் தொட்டத அம்மாகிட்டச் சொல்ல வேண்டாம், என்ன?” என்றார். சரிதான், இந்த ஆளிடம் ஏதோ இருக்கிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அம்மா வாசலிலேயே மோப்பம் பிடித்தாள். தொட்டீங்களா என்று கேட்டாள். மாடு உரசிவிட்டது என்று சொல்லிவிட்டு அப்பா நேராகக் குளிக்கப் போனார். ஒரே நாளில் இரண்டு பொய். நான் எண்ணிக்கொண்டேன்.

தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் சோபா மேல் ஏறி நின்றேன். சர்டிபிகேட்டைக் கழற்றி, பின் அட்டையை நீக்கி, அந்தத் தங்க முத்திரையை நகத்தால் சுரண்டினேன். நிஜமாக இருந்தால் வராது என்பது என் கணக்கு. கொஞ்சம் பெயர்ந்து வந்தது.

நிமிர்ந்தால் அப்பா தலையைத் துவட்டிக்கொண்டு நிற்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“என்ன கண்ணு பாக்கற?”

இது நிஜமா என்று கேட்டேன். இங்கிலீஷில்தான் கேட்டேன், அவர் அந்தத் தாத்தாவுக்குப் பதில் சொன்ன அதே பாஷையில். அப்பா என் கையிலிருந்து சர்டிபிகேட்டை வாங்கி, சட்டத்துக்குள் வைத்து மூடினார். திரும்பச் சுவரில் மாட்டவில்லை.

மறுநாள் காலையில் சோபாவுக்கு மேலே ஆணி மட்டும் இருந்தது. சட்டம் அலமாரிக்கு மேலே இருந்த சூட்கேஸுக்குள் போய்விட்டது. ஜூனில் பரீட்சை எழுதினார், தேறவில்லை. அதற்குப் பிறகு எழுதவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, கேட்கிற யோக்கியதை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. அந்தச் சர்டிபிகேட் இப்போது என்னிடம் இருக்கிறது. முத்திரையில் அந்தக் கீறலும் இருக்கிறது.

ஆனால் அந்தக் காலையில் எனக்கு எல்லாமே தெளிவாக இருந்தது. சைபர் என்று சொல்லி மாட்டிக்கொண்டு ஏழு என்று ஒப்புக்கொண்ட தாத்தா மாதிரி, அப்பாவும் குட்டு வெளிப்பட்டதும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். கண்டுபிடித்துவிட்ட பெருமையில் இரண்டு இட்லி கூடுதலாகவே சாப்பிட்டேன். அப்பாதான் எடுத்து வைத்தார்.