அண்ணை நிறைத்து அனுப்பிய குழாய்

என் மகளுக்கு இரத்தப் புற்றுநோய். எலும்பு மச்சை மாற்றினால் பிழைக்கலாம் என்றார்கள். மகனுடையது பொருந்தியது. ஆனால் இருவருக்கும் ஒரே மரபணுவில் ஒரே எழுத்து மாறியிருந்தது. முந்நூறு கோடி எழுத்துகளில் ஒன்று. அதுதான் நோயைக் கொண்டுவருகிறதா, சும்மா கிடக்கிறதா என்று டவுன்டவுன் ஆய்வுக்கூடத்துப் பெண்ணுக்குத் தெரியவில்லை. அதுதான் காரணம் என்றால், மகனின் மச்சையோடு நோயையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும்.

அவள் எங்கள் குடும்பத்தைத் திரையில் வரைந்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். எண்ணினேன், இருபத்து மூன்று. நான்கு பேர் இளவயதில் போனவர்கள். என்ன நோய் என்று கேட்டாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல்தான். கலியாணம் பேசும் குடும்பத்தில் வேறு நோய் இருக்க முடியாது.

உயிரோடு இருப்பவர்களில் அவளுக்கு வேண்டியிருந்தவர் என் அண்ணை. நாங்கள் வில்லரேயில்; அவர் நகரின் மறுகோடியில், கர்க்லாண்டில் இருக்கிறார். தொட்டால் கன்றும் உடம்பு. இரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள் பல வருடமாகவே குறைவு. அவருக்கும் அந்த எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்த்தால் விடை கிட்டும்.

"ஊசிகூட இல்லை அண்ணை. குழாயில துப்பினால் காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

"பேத்திக்குக் கலியாணம் பேசுறமடா. ரொறொன்ரோ ஆக்கள். அவையின்ரை காதில விழுந்தால்?"

"பேர் ஒருத்தருக்கும் போகாது."

"வில்லரேயில நீ தும்மினால் கர்க்லாண்டில சுகம் விசாரிக்கிறாங்கள். நீ பேரைப் பற்றிக் கதைக்கிறாய்."

"என்ரை பிள்ளை சாகக் கிடக்குது."

"சரி, அனுப்பு" என்றார்.

குழாய் போனது, நிறைந்து வந்தது. சில வாரம் கழித்து அந்தப் பெண் என்னை அழைத்து, கதவைச் சாத்தி, கண் துடைக்கும் கடதாசிப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள். நான் முன்பே கொடுத்த எச்சிலோடு ஒப்பிட்டதில், அந்தக் குழாய்க்குரியவரும் நானும் உடன்பிறந்தவர்கள் இல்லையாம். பெற்றோர் சொல்லாமல் விடுகிற விஷயங்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டாம். செத்துப்போன என் அம்மாவை மன்னிக்கும்படி எனக்கு ஆறுதல் சொன்னாள். அண்ணை வீட்டு பேஸ்மென்டில் அவர் மனைவியின் தம்பி குடியிருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? வெளியே வந்ததும் அண்ணையை அழைத்தேன்.

"மச்சானையோ துப்ப வைச்சனீங்கள்?"

"குழாயைத்தானே நிறைக்கச் சொன்னவை. நிறைச்சனான். கலியாணம் முடியட்டும், பேந்து நானே துப்புறன்."

மருத்துவர்கள் கலியாணம் முடியும்வரை காத்திருக்கவில்லை. சந்தேகம் தீராத மச்சை வேண்டாம் என்று மகனை விலக்கிவிட்டு, ஓரளவேனும் பொருந்தும் ஓர் அந்நியரைத் தேடுகிறார்கள். மகள் தினமும் கேட்கிறாள், ஆள் கிடைத்தாரா என்று.

நேற்று அண்ணை தொலைபேசி எடுத்தார்.

"கலியாணத்துக்கு எத்தனை பேர் வாறியள்? சாப்பாட்டுக்குக் கணக்குச் சொல்ல வேணும்."

"நாலு பேர். ஆனால் நாங்கள் இல்லை. எங்கடை கீழ்வீட்டில குடியிருக்கிற ஆக்களை அனுப்புறன். மண்டபத்தில கதிரை நிறைஞ்சால் உங்களுக்குக் காணும்தானே?"