கொமடொலீவா எண்டு ஒரேயொரு வீடு

ரெலிபோன் இலக்கம் தேடிக் குடுக்கிற வேலையில இருந்தவைக்கு ஒரு வியாதி இருக்கு: கலியாண வீட்டில ஆரும் வந்து "என்னைத் தெரியுதோ?" எண்டு கேட்டால், வாய் தன்பாட்டில "எந்த நகரம், என்ன குடும்பப் பெயர்?" எண்டு கேட்டுப்போடும்.

தொண்ணூறுகளில ரொறன்ரோவில நாலு, ஒண்டு, ஒண்டு எண்டு அடிச்சால் மெசின் கதைக்கிறேல்லை, மனிசர்தான் கதைச்சவை. அந்த மனிசரில ஒருத்தி நான். காதில ஹெட்செட், முன்னால பச்சை எழுத்துக் கொம்பியூட்டர், முதுகுக்குப் பின்னால சுப்பவைசரின்ர கண். ஹெட்செட் மாட்டிச் சீவிச்ச அக்காமாரே, அண்ணைமாரே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வந்த கோலை மளமளவெண்டு முடிக்கவும் வேணும், எடுத்த மனிசர் ஆரைத் தேடுகினம் எண்டு அவையின்ர பூர்வீகம் முழுக்கக் கேட்டுப் பிடிக்கவும் வேணும். லேசுப்பட்ட வேலையோ அது? நான் நல்லாச் செய்தனான். எனக்கு அதில பெரிய புழுகம்தான், மறைக்கேல்லை.

மணியத்தின்ர மருமோன்

வேலைக்குச் சேர்ந்த புதுசு. இங்கிலிசில "எந்த நகரம்?" எண்டு நான் பாட்டுப் போலக் கேக்க, அங்கால ஒரு அங்கிளின்ர குரல், "மணியத்தின்ர மருமோன் வீடு, பிளீஸ்" எண்டுது. தமிழுக்கு மாறினன். மனிசனுக்குச் சந்தோசம் தாங்கேல்லை. "அட, எங்கட பிள்ளையோ!" எண்டார்.

"ஓம் அங்கிள், மருமோன்ர பேர் என்ன?" எண்டன். "பேரோ? நாங்கள் மருமோன் எண்டுதான் சொல்லுறது." "சரி, மணியத்தாரின்ர முழுப் பேர்?" "மணியம்தான். சந்தியில கடை வைச்சிருந்த மணியம்." "எந்தச் சந்தி அங்கிள்?" "இதென்ன கேள்வி, கொக்குவில் சந்தி!"

கொம்பியூட்டருக்குள்ள ஒன்ராறியோ மாகாணம் முழுக்கக் கிடக்கு, யாழ்ப்பாணத்துக் கொக்குவில் சந்தி மட்டும் இல்லை. நான் மன்னிப்புக் கேக்க, அங்கிளுக்குச் சுர்ரெண்டு ஏறியிட்டுது. "மணியத்தின்ர மருமோனையே தெரியாமல் நீர் என்ன பிள்ளை ஒப்பரேற்றர்?"

செத்த மனிசன்ர ரெலிபோன்

அப்ப ரொறன்ரோவில மில்லிக்கன் பக்கம் இருந்த எங்கட வீட்டில ரெலிபோன் ஒண்டு, குடும்பப் பெயர் மூண்டு. எங்கட ஆக்களுக்குக் குடும்பப் பெயர் எண்டு ஒண்டு எங்க இருந்தது? தகப்பன்ர பேரை முன்னுக்கு எழுதி, எங்கட பேரைப் பின்னுக்கு எழுதிவிடுறது, அவ்வளவுதான். இஞ்சத்தை வெள்ளைக்காரனோ கடைசியில நிக்கிற பேரைத்தான் குடும்பப் பெயர் எண்டு பிடிப்பான். என்ர மனிசன் தவராசா முன்யோசனைக்காரர். வந்து இறங்கின இடத்திலேயே பேரை மாத்திச் சொல்லி, தகப்பன் கந்தையாவைக் குடும்பப் பெயர் ஆக்கிப்போட்டார். நானும் பிள்ளையளும் ஊர் வழக்கப்படி தவராசா. பேஸ்மென்ரில இருந்த என்ர தம்பி ரவிதான் ஒண்டையும் யோசியாத ஆள். சின்னத்துரை ரவீந்திரன் எண்டு கிடந்ததை அப்பிடியே நீட்ட, குடும்பப் பெயர் ரவீந்திரன், கூப்பிடுற பேர் சின்னத்துரை எண்டு எழுதிப்போட்டாங்கள். தொழிற்சாலையில எல்லாரும் அவனை எங்கட அப்பான்ர பேர் சொல்லித்தான் கூப்பிடுறது. போர்மன் "சின்னத்துரை, கெதியா வா!" எண்டு கத்தேக்க, அப்பாவை ஆரோ ஏசுற மாதிரிக் கிடக்காம் அவனுக்கு.

இந்தக் கூத்தாலதான் எனக்கு ஒரு வித்தை பிடிபட்டுது. தமிழ்ப் பேர் தேடி அம்பிடாட்டில் தலைகீழாப் போட்டுப் பார். மகன்ர பேரில இல்லையோ, தகப்பன்ர பேரில தேடு. பிறகென்ன, தமிழ்க் கோல் வந்தால் மற்ற ஒப்பரேற்றர்மார் கையை உயத்தி "மகேஸ்!" எண்டு என்னட்டத் தள்ளிவிடத் துவங்கியிட்டினம். சுப்பவைசர் டோரீன் நியூபவுண்ட்லாந்துக்காரி, நல்ல மனிசி, நான் தேடுறதை என்ர கதிரைக்குப் பின்னால நிண்டு வேடிக்கை பாப்பா.

ஒருநாள் ஒரு அன்ரி நடேசன் எண்டவரின்ர இலக்கம் கேட்டா. இல்லை. தகப்பன்ர பேரைக் கேட்டுத் தேடினன். டக்கெண்டு வந்திட்டுது. "கிடைச்சிட்டுது அன்ரி, சிவபாதம் எண்ட பேரில கிடக்கு" எண்டன். "ஐயோ பிள்ளை, அந்த மனிசன் ஊரில மோசம்போய் எத்தினை வருஷம், இப்ப கனடாவில ரெலிபோன் எல்லோ எடுத்திருக்கிறார்!"

அது நான்தான்

டோரீன் எனக்கு முதலே சொல்லி வைச்சவ: "ஞாயிறு காலமையில ஒரு கிழவர் எடுப்பார். புது ரெலிபோன் புத்தகம் வந்தால் கட்டாயம் எடுப்பார். மரியாதையாக் கதை." என்னத்துக்கு எடுப்பார் எண்டு மட்டும் சொல்லேல்லை, கள்ளி.

ஞாயிறு காலமையில வேலைக்கு நாங்கள் ஒரு சிலபேர்தான். அப்பிடி ஒருநாள் அந்தக் கோல் எனக்கு வந்திட்டுது. இங்கிலிஷ்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் உருட்டிப் பிசைஞ்சு கதைச்சார். கேட்ட குடும்பப் பெயர் கொமடொலீவா. ஒவ்வொரு எழுத்தா, தன்ர காணிக்கு எல்லை காட்டுற மாதிரி ஆறுதலாச் சொன்னார். தட்டினன். ரொறன்ரோ முழுக்க ஒரேயொரு ஆள். இப்பிடி ஒரு பேரை முதல் தட்டிலேயே பிடிச்சிட்டன் எண்ட எடுப்பில இலக்கத்தை ராகம் போட்டுச் சொன்னன்.

மனிசன் பொறுமையாக் கேட்டு முடிச்சார். "அந்த இலக்கம் எனக்கு நல்லாத் தெரியும், அம்மா. அது நான்தான். வேற ஆரும் இருக்கினமோ எண்டுதான் கேட்டனான்."

ஒலிவ் மரப் பள்ளம்

பிறகு பிறகு எடுக்கேக்க, ஞாயிறு காலமை அமைதியில, ஆளின்ர கதை துண்டு துண்டா வந்தது. கற்றலோனியாக்காரர், ரொறன்ரோவில தளபாட வேலை செய்து ஓய்வெடுத்தவர். கற்றலோனியா ஸ்பெயினுக்குள்ளதான் இருக்கு எண்டதால, "அப்ப நீங்கள் ஸ்பானிஷ்காரரோ?" எண்டு நான் வாய் தவறிக் கேட்டுப்போட்டன். "நீங்கள் சிலோன் எண்டு சொன்னனீங்கள், அம்மா. உங்களைச் சிங்களமோ எண்டு ஆரும் கேட்டால் என்ன சொல்லுவியள்?" எண்டார். அதுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகேல்லை.

பேர் வந்த வரலாறு சொல்லேக்க மனிசன்ர குரல் நிமிந்திடும். அவற்ற பாஷையில கொமா எண்டால் மலையளுக்கு நடுவில கிடக்கிற பள்ளக் காணி. ஒலீவா எண்டது ஒலிவ். ஒலிவ் மரம் நிக்கிற ஒரு பள்ளம், அதில ஒரு வீடு. அந்த வீட்டில பிறந்தவைக்கு மட்டும்தான் அந்தப் பேர். அடுத்த வளவுக்காரனுக்குக்கூட அது வராது. "இதென்ன பெரிய காரியம்" எண்டு எனக்கும் வீம்பு வந்திட்டுது. "எங்கட ஊரிலயும் ஒவ்வொரு காணிக்கும் உறுதிப் பத்திரத்தில ஒரு பேர் இருக்கு. எங்கட வளவு நாவலடி. ஊரில என்னைக் கேட்டால் நாவலடியாற்ற மகள் எண்டுதான் சொல்லுவினம்" எண்டன். மனிசன் விழுந்து விழுந்து சிரிச்சார். அண்டையில இருந்து நான் அவருக்குத் திருமதி நாவலடி.

ஆனால் அவர் பேரைத் தேடினது பேருக்காக இல்லை. முப்பதுகளில அங்க உள்நாட்டுச் சண்டை நடக்கேக்க அவர் சின்னப் பெடியன். தாய் அவரைக் கையில பிடிச்சுக்கொண்டு மலையால நடந்து பிரான்சுக்குத் தப்பியிட்டா. தம்பி ஜோர்டி தகப்பனோட வீட்டில நிண்டிட்டான், பின்னால வாறம் எண்டு. வரேல்லை. எல்லையைப் பூட்டிப்போட்டாங்கள். காலம் போக இவர் கனடா வந்து சேந்தார். பிறகு ஊரவர் ஒராள் எழுதினாராம், தகப்பன் போய்ச் சேந்திட்டார், வீடும் போச்சு, உன்ர தம்பியும் கனடாவுக்குத்தான் போனதாக் கேள்வி எண்டு. இப்பிடி ஒரு அபூர்வமான பேர், லேசாப் பிடிக்கலாம் எண்டு நினைச்சார். நாடு முழுக்கத் தேடியும் அந்தப் பேரில அவர் ஒராள்தான். இந்தத் தேடுற நோவை எங்கட ஆக்களுக்கு நான் விளக்கவேணுமோ? எங்களில எத்தினை பேர் வீட்டில இப்பிடிக் காணாமல்போன ஒராளுக்குப் பார்த்துக்கொண்டிருக்கினம். கோல் நீளுது எண்டு டோரீன் கிட்ட வந்தா, ஆர் எண்டு கண்டிட்டு அப்பிடியே திரும்பிப் போயிட்டா.

"என்ர தம்பி செத்திருந்தாலும் பறவாயில்லை, திருமதி நாவலடி, எனக்குச் சொல்லுங்கோ. இந்தத் தேடிக்கொண்டே இருக்கிறதுதான் ஏலாமல் கிடக்கு."

தலைகீழ்

ஒரு மாரி ஞாயிறு. வெளியில சினோப் பனி கொட்டுது, கோலும் குறைவு. புதுப் புத்தகம் வந்திருந்தது, அவரும் எடுத்தார். தேடினன். அவர் ஒராள்தான். "சரி, இனி உங்களுக்குக் கரைச்சல் தரமாட்டன்" எண்டார். என்ன ஐயா இப்பிடிச் சொல்லுறியள் எண்டு கேக்க, "வயசு போட்டுது. என்ர கல்லறைக் கல்லில என்ன எழுதவேணும் எண்டும் சொல்லி வைச்சிட்டன். முழுப் பேரும் இருக்கவேணும், கொமடொலீவா ரொவிரா எண்டு" எண்டார்.

"ரொவிராவோ? உது எங்கயிருந்து வந்தது?" எண்டன்.

"அது அம்மாவின்ர. எங்கட வழக்கத்தில ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு குடும்பப் பெயர். முதல் தகப்பன்ர, பிறகு தாயின்ர. பிரான்சில எங்களைப் பதிஞ்சவன் முதல் பேரோட நிப்பாட்டிப்போட்டான்."

"உங்கட தம்பிக்கு?"

"அவன் ஸ்பெயின் பாஸ்போட்டில வந்திருப்பான். ரெண்டும் இருந்திருக்கும்."

"அப்ப கடைசியில நிண்டது?"

"அம்மாவின்ர..." எண்டு இழுத்தார்.

என்ர தம்பி ரவி, சின்னத்துரை எண்ட பேரோட, கண்ணுக்கு முன்னால வந்து நிண்டான். கடைசியில நிக்கிற பேரைத்தானே இஞ்ச பிடிப்பாங்கள்! தமிழருக்கு நடந்தது கற்றலோனியாக்காரருக்கு நடவாதோ? "ஐயா, லைனை வையாதேங்கோ!" எண்டு கத்தினன். ரொவிரா எண்டு தட்டினன். ரொறன்ரோவில ஜோர்டி இல்லை. ஹமில்ரன், இல்லை. ஒன்ராறியோவுக்குள்ள இருக்கிற லண்டன், இல்லை. விண்ட்சர், அங்கயும் இல்லை. டோரீன் பின்னால வந்து நிண்டா, ஆனால் நேரத்தைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லேல்லை. மற்றவையும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தினம். "மேல, வடக்குப் பக்கம் போய்ப் பாரன்" எண்டு டோரீன் காதுக்குள்ள சொன்னா. சட்பரி. ரொவிரா, ஜோர்டி.

"ஐயா, சட்பரியில ஒரு ஜோர்டி ரொவிரா இருக்கிறார்" எண்டு சொல்லி இலக்கத்தைக் குடுத்தன். அங்கால பேனையும் கடதாசியும் தேடுற சத்தம் கேட்டுது.

"திரும்பச் சொல்லுங்கோ, மகள். மெல்லச் சொல்லுங்கோ, எழுதவேணும்."

முழுப் பேர்

வீட்ட போய் ரவிக்குச் சொன்னன், உன்ர கோளாறுப் பேர்தான்ரா இண்டைக்கு உதவினது எண்டு. "அப்ப சரி அக்கா, இனிப் போர்மன் சின்னத்துரை எண்டு கத்தினால் நான் கோவிக்கேல்லை" எண்டான். ஆனால் கிழவர் எடுக்கேல்லை. அடுத்த ஞாயிறும் இல்லை, அதுக்கடுத்ததும் இல்லை. அது வேற ஆரோ ஜோர்டியா இருந்தால்? அந்த மனிசன்ர மனசை வீணாக் கிளப்பிவிட்டிட்டனோ எண்டு எனக்குச் சோறு இறங்கேல்லை. டோரீனும் ஒவ்வொரு ஞாயிறும் என்ர முகத்தைப் பாப்பா, நான் தலையை ஆட்டுவன்.

கடைசியா ஒருநாள் பக்கத்துக் கதிரைக்காரி கையை உயத்தினா. "இஞ்ச நாவலடி எண்டு ஆரும் வேலை செய்யினமோ?" பாய்ஞ்சு எடுத்தன். மனிசன் சட்பரியில நிண்டு கதைச்சார். பஸ் பிடிச்சுப் போனவர், தம்பி திரும்ப விடேல்லையாம். தம்பி அங்க சுரங்கத்தில வேலை செய்து களைச்ச மனிசன். தமையன் பிரான்சிலதான் இருக்கிறார் எண்டு நம்பி, இத்தினை காலமும் அங்கதான் எழுதி எழுதி விசாரிச்சுக்கொண்டிருந்தவராம். கதவைத் திறந்தவுடன ரெண்டு பேருக்கும் ஆளை ஆள் மட்டுப்பிடிக்கத் தெரியேல்லை. பிறகு தம்பி வாயைத் திறந்து கதைக்க, அச்சொட்டா அப்பாவின்ர குரல் எண்டார். நான் ஹெட்செட்டோட இருந்து அழுதன். டோரீன் எனக்கு ரிஷ்யூ தந்திட்டுத் தானும் ஒண்டு எடுத்தா.

தம்பிக்குப் பிள்ளையள், பேரப்பிள்ளையள் எல்லாம் இருக்கினம். எல்லாரும் ரொவிரா. எனக்கு அது கொஞ்சம் கவலையாக் கிடந்தது. "அப்ப ஐயா, உங்கட அப்பாவின்ர பேர் புத்தகத்தில இன்னும் உங்கள் ஒராளோடதானே நிக்குது?" எண்டு கேட்டன். மனிசன் சிரிச்சார். பின்னால ஒரு குடும்பமே கத்திக் கதைக்கிறது கேட்டுது, அதுக்கு மேலால அவற்ற குரல்: "அப்பாவின்ர பேரை நான் காப்பாத்தினன், அம்மாவின்ர பேரை அவன் காப்பாத்தியிருக்கிறான், நாங்கள் ரெண்டு பேரும் ஒரு மேசையில இருந்தால் அதுதான் முழுப் பேர், திருமதி நாவலடி."

இப்ப ஆரும் "உங்கட வீட்டில ஏன் மூண்டு குடும்பப் பெயர்?" எண்டு நக்கலாக் கேட்டால் நான் வெக்கப்படுறேல்லை, சட்பரி வரைக்கும் போய் ஆள் பிடிக்கிறதுக்கு ஒண்டு காணாது எண்டு சொல்லிப்போடுறன்.