சான்றிதழுக்காகப் போன ஷூ கம்பெனி

வேலூரில் பி.ஏ. ஆங்கிலம் படித்தபோது சனிக்கிழமைகளில் இன்னொரு வகுப்புக்கும் போனேன். சர்வதேச ஆய்வுகள் என்று பெயர். பட்டப் படிப்போடு சேர்த்து அதையும் முடித்தால் தனிச் சான்றிதழ் கொடுப்பார்கள். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தால் உதவும் என்று கல்லூரியில் சொன்னார்கள். ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை பார்த்த அப்பாவுக்கு ‘சர்வதேச’ என்ற வார்த்தையே பிடித்துப்போயிற்று. யாரிடம் என்னைப் பற்றிப் பேசினாலும் அதை எப்படியாவது நுழைத்துவிடுவார்.

எங்கள் வீடு ஆம்பூரில். வாரம் முழுக்கக் காலை ரயிலில் காட்பாடி, அங்கிருந்து பஸ். சனிக்கிழமை ரயிலில் கூட்டம் இருக்காது, வகுப்பிலும் இருக்காது. ஒப்பந்தங்கள், வர்த்தகம், தொழிலாளர் உரிமைகள் என்று பாடம் நடக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கோ ஒரு நகரத்தில் பல நாட்டுக்காரர்கள் கூடி உட்கார்ந்து ஒரு விதியை எழுதுகிறார்கள், அது எங்கள் ஊர் ஷூ கம்பெனிவரை வந்து சேர்கிறது என்று நினைக்க நன்றாக இருந்தது.

கடைசிப் பருவத்தில் களப்பணி. ஐரோப்பாவில் ஷூ விற்கும் ஒரு நிறுவனத்திலிருந்து ஓர் அம்மையார் வந்திருந்தார். தங்களுக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை செய்கிறவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க வந்தவர். கம்பெனியைச் சேராத ஒரு மொழிபெயர்ப்பாளர் அவருக்கு வேண்டும். எங்கள் பேராசிரியை என்னை அனுப்பினார். அதையே களப்பணியாக எழுதிக்கொடுத்தால் போதும் என்றார்.

கம்பெனி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. அம்மையார் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற பிரிவில் நின்று, தன் இஷ்டத்துக்கு நான்கு பெண்களைக் கைகாட்டினார். நான்காவது பெண் எங்கள் தெரு அக்கா. அம்மாவுக்கு உடம்பு முடியாத நாட்களில் எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவர். எனக்கு இவரைத் தெரியும் என்று அம்மையாரிடம் சொன்னேன். பரவாயில்லை என்றார்.

ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவரிடமும் பேசினோம். முதல் மூன்று பேரும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் எழுந்து போனார்கள். அக்கா உட்கார்ந்து, அம்மையாரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“இன்னா பாப்பா சொல்லட்டும்?”

அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். உண்மையைச் சொல்லலாம், பெயரை எழுத மாட்டோம், கம்பெனிக்குத் தெரியவே தெரியாது என்றார் அம்மையார். நான் தமிழில் சொன்னேன். நிஜமாகவே தெரியாதா என்று அக்கா திரும்பக் கேட்டார். நானும் திரும்பக் கேட்டேன். நிச்சயமாகத் தெரியாது என்றார் அம்மையார்.

அக்கா மெதுவாக ஆரம்பித்தார். பசை போடுகிற சொல்யூஷன் நெடியில் மதியத்துக்கு மேல் தலை சுற்றுமாம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மயங்கி விழுந்தாளாம்; ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியதோடு சரி, அவள் திரும்பி வரவில்லையாம்.

“ஒட்ற எடத்துல இந்த ஃபேனெல்லாம் போன வாரம்தான் மாட்னாங்க. நீங்க போய்ட்டா கழட்டிடுவாங்க. அத மட்டும் கழட்டாம இருக்கச் சொல்லும்மா. வூட்ல சோறு வாயில வச்சாகூட அந்த நெடிதான் வருது.”

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அம்மையார் கண் கலங்கிவிட்டார். அக்கா வெளியே போனபோது டீ மணி அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். யார் அதிக நேரம் உள்ளே இருந்தது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த மாதம் அக்காவைத் தரை கூட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். பிறகு நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அது அதோடு நிற்கவில்லை. ஐரோப்பிய நிறுவனம் எதையும் சரிசெய்யச் சொல்லவில்லை. ஆர்டரை வேறு நாட்டுக்குக் கொடுத்துவிட்டது. ஒட்டுகிற பிரிவையே மூடினார்கள். எங்கள் தெருவிலேயே பல பெண்களுக்கு வேலை போயிற்று. அவர்கள் அக்காவிடம் பேசுவதை நிறுத்தினார்கள். எங்கள் வீட்டு வழியாகப் போகும்போது குரலைத் தணித்துக்கொண்டார்கள்.

அம்மையாருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். தான் இப்போது வேறு பிரிவில் இருப்பதாகவும், என் கவலையை உரியவர்களிடம் சேர்ப்பதாகவும் பதில் வந்தது. பேராசிரியையிடம் போய்ச் சொன்னேன். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, சர்வதேச வர்த்தகம் இப்படித்தான் நடக்கிறது, இதையும் அறிக்கையில் சேர்த்துக்கொள், நல்ல முடிவுரையாக இருக்கும் என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. சேர்த்தேன். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உட்காரச் சொன்னார். டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“நான் ஃபேன கழட்டாதீங்கன்னுதானே சொன்னேன். வேலைய எடுக்கச் சொல்லலியே. நீ சரியாத்தான் சொன்னியா பாப்பா?”

“ஒரு வார்த்த விடலக்கா. அப்படியேதான் சொன்னேன்.”

அவர் என்னை நம்பினார். அது முகத்திலேயே தெரிந்தது.

“அப்போ அந்தம்மாவுக்கு இன்னா புரிஞ்சிது?”

சனிக்கிழமை வகுப்பில் படித்ததையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

அக்கா பிறகு குடியாத்தத்தில் ஒரு தீப்பெட்டி யூனிட்டுக்குப் போனார். விடியும் முன்பே கிளம்ப வேண்டும், கூலியும் கம்மி. தலைசுற்றல் நிற்கவே இல்லை. ஒரு முறை பஸ்ஸிலேயே விழுந்துவிட்டதாக அம்மா சொன்னார். சான்றிதழ் வாங்கிய அன்று அப்பா தெருவுக்கெல்லாம் இனிப்பு வாங்கி வந்தார். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம் என்று அம்மா தடுத்துவிட்டார். நாங்களே தின்று தீர்த்தோம்.

மறு வருடம் கம்பெனிக்கு வேறொரு நாட்டு ஆர்டர் கிடைத்து அந்தப் பிரிவைத் திரும்பத் திறந்தார்கள். பழைய பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அக்காவும் வேலை கேட்டுப் போனாராம். செக்யூரிட்டி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, இடம் இல்லை என்றாராம். அந்தச் சமயத்தில் ஷிப்ட் விட்டு எங்கள் தெருப் பெண்கள் வெளியே வந்தார்கள். யாரும் நிற்கவில்லை.