ஒவ்வொரு வரியும் தன்னைக் கடைசி என்றது

எங்கள் ஆபீஸ் ஹைதராபாத் மாதாப்பூரில். ஆனால் வேலை முழுக்க போவன்பள்ளி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி வரும் லாரிகளைப் பற்றியது. ஒவ்வொரு லாரியிலும் ஒரு சின்ன டப்பா பொருத்தியிருக்கும். சில நிமிஷத்துக்கு ஒருமுறை அது தான் இருக்கும் இடத்தைச் சொல்லும். சொல்வதெல்லாம் டேட்டாபேஸில் ஒவ்வொரு வரியாக விழும். வெங்காயம் எங்கே வருகிறது, தக்காளி எங்கே நிற்கிறது என்று மண்டிக்காரர்கள் கேட்டால் அந்த வரிகளிலிருந்து பதில் எடுத்துத் தருவது என் பொறுப்பு. அதற்கான மொழி எஸ்.க்யூ.எல். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த மொழிதான் எனக்குச் சோறு போடுகிறது.

இந்த வருஷம் பழைய டேட்டாபேஸை விட்டுப் புதிய பதிப்புக்கு மாறினோம். அதில் விண்டோ ஃபங்ஷன் என்று ஒரு வகை உண்டு. மற்றவர்களுக்கு அது பழகிப்போன சமாசாரம், எங்கள் பழைய பதிப்பில் இல்லாததால் எனக்குப் புதுசு. பழைய முறையில் ஒரு லாரியின் வரிகளைச் சேர்த்துக் கணக்கெடுத்தால் எல்லா வரிகளும் கரைந்து ஒரே வரியாகிவிடும். திரும்ப விவரம் வேண்டுமென்றால் சுற்றி வளைத்து ஒட்ட வேண்டும். புதிய முறையில் எந்த வரியும் கரைவதில்லை. ஒரு வரி தன் இடத்தில் இருந்தபடியே தனக்கு முன்னால் வந்ததையும் பின்னால் வந்ததையும் எட்டிப் பார்க்கலாம். முதலில் படித்தபோது, இவ்வளவு வருஷம் இது இல்லாமலா எழுதினோம் என்று இருந்தது.

இதைப் படிக்க ஆரம்பித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கையும் மனசும் சும்மா இருக்கக் கூடாது.

போன மழைக்காலத்தில் என் மகள் தோழிகளோடு இமாச்சலப் பக்கம் மலையேறப் போனாள். போன இடத்தில் மழை கொட்டியது, சாலை அடித்துக்கொண்டு போனது, செல்போன் டவர்கள் விழுந்தன. அவள் இருக்கும் இடத்தை மேப்பில் எனக்குக் காட்டிக்கொண்டிருந்த புள்ளி, ஒரு ஆற்று வளைவின் மேல் அப்படியே நின்றுவிட்டது. நான் அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளியின் பாதி தண்ணீரில் இருந்தது. அவளுடைய அப்பா யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பிறகு அவளே யாரோ ஒருவர் போனிலிருந்து பேசினாள். பத்திரமாக வீடு வந்தாள். கொஞ்ச நாளில் புனேயில் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

எனக்கு மட்டும் அந்த நடுக்கம் போகவில்லை. புனேயில் அவள் புள்ளி நகர்ந்தால் ஏன் நகர்கிறது என்று கேட்பேன், நகராவிட்டால் ஏன் நகரவில்லை என்று கேட்பேன். ஒருநாள் அவள் இடம் பகிர்வதை நிறுத்திவிட்டாள்.

"நக்கோ மா, வேண்டாம்," என்றாள். "நான் என்ன தக்காளி லாரியா? சண்டே சண்டே நானே கால் பண்றேன். நடுவுல பண்ணாதே."

ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். நான் தமிழில் கேட்டால் தெலுங்கிலோ ஹிந்தியிலோ இங்கிலீஷிலோதான் பதில் வரும். கோபம் வந்தால்தான் அவளுக்குத் தமிழ் இவ்வளவு சரளமாக வரும். அந்தப் புள்ளியைத் திரும்பக் கொடு என்று கெஞ்ச வேண்டும் போல இருந்தது. கேட்டால் சண்டே காலும் போய்விடுமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

ஆபீஸில் எனக்கு வந்த முதல் புது வேலை இதுதான்: லாரியின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது கடைசியாக இருந்த இடத்தையும் காட்ட வேண்டும். அதற்கென்றே லாஸ்ட் வேல்யூ என்று ஒரு ஃபங்ஷன் இருந்தது. லாரிவாரியாகப் பிரித்து, நேரப்படி அடுக்கி, ஓடவிட்டேன். ஒரு லாரி வழியில் தூப்ரான் என்ற ஊரில் இருந்த வரி, கடைசி இடம் தூப்ரான் என்றது. அதற்கு முந்தைய ராமாயம்பேட்டை வரி, கடைசி இடம் ராமாயம்பேட்டை என்றது. எந்த வரியைப் பார்த்தாலும் தன்னையே கடைசி என்று சொன்னது.

பக்கத்து சீட்டில் வரங்கல்காரி ஒருத்தி. இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. எங்கள் பேச்சு தெலுங்கில்தான், எனக்கு ஞாபகத்தில் தமிழாக மாறிவிடுகிறது. எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா, நீங்களும் விழுந்தீங்களா? இதுல விழாதவங்களே இல்லை."

"நேரப்படிதானே அடுக்கினேன்?"

"அதுதான் வினை. அடுக்கினதும் அது ஆரம்பத்திலிருந்து இந்த வரி வரைக்கும்தான் பார்க்கும். இதுக்கு அப்புறம் வர்றதை நீங்களா சொன்னால்தான் பார்க்கும். எழுதுங்க, அன்பவுண்டட் ஃபாலோயிங்."

எழுதினேன். இதற்குப் பின்னால் உள்ளது எல்லாம், எல்லை இல்லாமல், என்று அர்த்தம். ஓடவிட்டதும் அந்த லாரியின் எல்லா வரிகளும் ஒரே குரலில், நகரத்துக்குச் சற்று வெளியே இருக்கும் மேட்சல் என்றன.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் மேட்சல் வரி காலையில் விழுந்தது. நான் பார்க்கும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அங்கிருந்து போவன்பள்ளிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. மறுபடி ஓடவிட்டேன், அதே மேட்சல்.

"இந்த வண்டிக்கு என்னமோ ஆயிருக்கு," என்றேன்.

அவள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். டிரைவர் நம்பரைத் தேடி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹா மேடம், சொல்லுங்க."

"அண்ணா, எங்கே இருக்கீங்க?"

"மார்க்கெட்லதான். சரக்கு இறக்கியாச்சு, டீ குடிக்கிறேன். உங்க டப்பா செத்துப்போச்சு மேடம், நான் இல்லை."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. எல்லை இல்லாமல் என்று எழுதினாலும் அந்தக் கேள்வி டேட்டாபேஸில் கடைசியாக விழுந்த வரி வரைக்கும்தான் போகும். லாரி அதற்கு மேலும் ஓடி, கொம்பள்ளி தாண்டி, சரக்கு இறக்கி, டீயும் குடித்துவிட்டது.

அந்த சண்டே மகள் கூப்பிட்டாள். வழக்கமாக, சாப்பிட்டியா, எங்கே இருக்கே என்பதோடு என் கேள்விகள் தீர்ந்துவிடும். அன்று லாரிக் கதையைச் சொன்னேன். டப்பா செத்துப்போச்சு என்றதும் அவளும் சிரித்தாள்.

"அம்மா, அன்னைக்கு அந்த டாட் இருந்த இடத்துல நான் இல்லவே இல்லை, தெரியுமா?" மெதுவாக, தமிழில் சொன்னாள். கோபம் இல்லாமல். "போன் ஆஃப் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் ரொம்ப தூரம் நடந்தோம். மேலே ஒரு ஸ்கூல். ராஜ்மா சாவல் போட்டாங்க. உப்பே இல்லை."

"இதை நீ சொல்லவே இல்லையேடி."

"நீ 'எங்கே இருந்தே'ன்னுதான் கேட்டே. 'என்ன பண்ணே'ன்னு கேட்கலையே."

புள்ளியைத் திரும்பக் கொடு என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினேன்.

"உப்பில்லாம எப்படிச் சாப்பிட்டே?" என்றேன்.

"அதை ஏன் கேக்குறே!" என்று ஆரம்பித்தாள். பள்ளிக்கூடப் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தது, ஒரு தோழி பயத்தில் ஸ்தோத்திரம் எல்லாம் தப்பும் தவறுமாகச் சொன்னது, ஒரு பாட்டியம்மா இவள் ஈர சாக்ஸைத் தன் அடுப்புப் பக்கம் காயவைத்தது. பாதி தெலுங்கு, பாதி இங்கிலீஷ். நடுவில் நான் ஒரு இடத்திலும் எங்கே என்று கேட்கவில்லை. அந்த ஆற்று வளைவிலிருந்து அவள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சரி மா, நெக்ஸ்ட் சண்டே," என்றாள். புள்ளியைப் பற்றி அவளும் பேசவில்லை.

போனை வைத்ததும், பழக்கம், கை தானாக மேப்பைத் திறந்தது. அவள் எங்கும் இல்லை. சைனிக்புரியில், எங்கள் வீட்டின் மேல், என்னுடைய நீலப் புள்ளி மட்டும் நின்றுகொண்டிருந்தது.