ஒருவருக்கு மட்டும் பேப்பர் கப்

அன்றைக்குப் பிரின்ஸிபால் அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். மேசைக்குப் பின்னால் பிரின்ஸிபால். அவருக்கு வலப்பக்கத்தில், கால்மேல் கால் போட்டபடி, கம்ப்யூட்டர் துறைத் தலைவர். மடியில் ஒரு ஃபைலோடு ஆபீஸ் சூப்பிரண்டு. ஆசிரியர்கள் சார்பில் ஒருவர் வேண்டுமென்று கூப்பிடப்பட்ட கணக்கு மேடம். எல்லோருக்கும் எதிரே தனி நாற்காலியில், தான்சானியாவிலிருந்து வந்து எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் சார். ஆறாவது ஆள் நான். எனக்கு நாற்காலி இல்லை. ஒயர் கூடையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

நான் அந்தக் கல்லூரியில் ஸ்டாஃப் ரூம் அட்டெண்டர். எட்டாவதோடு படிப்பை விட்டவள். காலை பதினொன்றுக்கும் மாலை மூன்றரைக்கும் டீ போட்டுக் கொடுப்பது என் வேலை. எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேருகிறவர் முதல் நாளே வீட்டிலிருந்து ஒரு கப் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பார். நான் அதன் அடியில் நெயில் பாலிஷால் ஓர் அடையாளம் வைத்து, பலகையில் ஒரு கொக்கி அடித்து மாட்டுவேன். கப் மாட்டியாகிவிட்டால் அவர் எங்கள் ஆள். அப்படிப் பதினோரு கப் தொங்கின.

தான்சானியா சாரிடமும் யாரோ இதைச் சொல்லியிருக்கிறார்கள். தேரடித் தெருவில் வாங்கியதாம், நீல நிறத்தில் ஒரு கப். இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தார். நான் சுத்தியலைத் தேடிக்கொண்டிருந்தபோது துறைத் தலைவர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"அத அலமாரிக்குள்ள வெச்சிடும்மா. அவருக்குப் பேப்பர் கப்புல குடு. எல்லாத்தையும் ஒண்ணா போட்டுக் கழுவுனா மத்தவங்க ஒரு மாதிரி நெனப்பாங்க."

மற்றவர்கள் நினைப்பார்களாம். அவர் நினைக்கவில்லையாம். அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய விடைத்தாள் கட்டுக்குப் பின்னால் அந்தக் கப்பை வைத்தேன். வைத்தது என் கைதான். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும் பெரிய ஆட்களுக்கும் பேப்பர் கப்தானே, இதுவும் மரியாதைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தவர்களுக்கு இப்படி ஏதாவது ஒரு சமாதானம் உடனே கிடைத்துவிடுகிறது.

இதில் ஒன்று எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை. துறைத் தலைவர் ஒன்றும் ரோஜாப்பூ நிறமில்லை; தினமும் கழுத்தில் பவுடர் கோடு தெரியும். நானோ பள்ளிக்கூடத்தில் கருவாச்சி என்று பெயர் வாங்கியவள். என் கையையும் சாரின் கையையும் பக்கத்தில் வைத்தால் அப்படியென்ன பெரிய வித்தியாசம்? இத்தனை கருப்புக்குள்ளே உட்கார்ந்துகொண்டு இன்னொரு கருப்பைத் தள்ளிவைக்கிற துணிச்சல் எங்கிருந்து வருகிறது?

செங்கம் ரோடு பக்கம் ஆசிரமத்துக்கருகில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், பிள்ளைகளுக்குத் தியானம் பற்றிப் பேச ஒருநாள் வந்தார். கிரிவலமாக மலை சுற்றிவிட்டு நேராக வந்ததால் வெறுங்கால், முழங்கால்வரை செம்மண். துறைத் தலைவர் ஓடிவந்து பலகையிலிருந்து தன் கப்பையே எடுத்து நீட்டினார். அதில் ஊற்று என்றார். ஒரே தட்டில் அந்தக் கப்பும் சாருடைய பேப்பர் கப்பும் போயின. சார் தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பிள்ளைகளிடம் கற்ற தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, என் கப் எங்கே?"

"ஒடஞ்சிடுச்சி சார்" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது.

"பரவாயில்ல" என்றார். டீ சிந்தினாலும், சர்க்கரை மறந்தாலும் அவர் சொல்லும் வார்த்தை அது.

அடுத்த வாரம் பழைய விடைத்தாள் தேடி அவரே அலமாரியைத் திறந்தார். நீலக் கப் முழுசாக இருந்தது. அதைத் தொடாமல் அலமாரியை மூடிவிட்டு, பிரின்ஸிபாலுக்குக் கடிதம் எழுதினார். அதற்குத்தான் அந்த விசாரணை.

என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றுதான் போனேன். ஷேர் ஆட்டோவில் வேங்கிக்கால் ஸ்டாப் வருவதற்குள் மூன்று முறை கூடையைத் திறந்து பார்த்திருப்பேன். வேலை போய்விட்டால் பெண்ணின் நர்சிங் படிப்பு என்ன ஆகும் என்பது ஒன்றே மனதில். உள்ளே போனதும் சூப்பிரண்டு ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். முழுக்க இங்கிலீஷ்.

"ஒரு கையெழுத்து போட்டுடு. உனுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார்.

தாளைக் கணக்கு மேடத்திடம் கொடுத்து, தமிழில் சொல்லச் சொன்னேன். அவர் படிக்கப் படிக்க அவர் குரலே இறங்கிப்போனது. படிப்பறிவு இல்லாத காரணத்தால், யாரும் சொல்லாமல், நானாகவே அந்த ஆசிரியருக்கு வேறு கப்பில் டீ கொடுத்தேனாம். கல்லூரிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையாம்.

படிப்பறிவு இல்லாத காரணத்தால்! எம்.ஏ.வும் பிஎச்.டி.யும் படித்த பதினோரு பேர் மாதக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார்கள். பழி மட்டும் எட்டாவது படித்தவளுக்கு.

"கப்ப ஒளிச்சி வெச்சது நான்தான் சார். ஒடஞ்சிடுச்சினு பொய் சொன்னதும் நான்தான். அத எழுதுங்க, போடுறேன். யாரும் சொல்லாம செஞ்சேன்னு மட்டும் போட மாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே அழுகை போலக் கேட்டது.

துறைத் தலைவர் சிரித்தார். "சக்கர கம்மியா போடுன்றதத் தவுர இந்தம்மாகிட்ட நான் இன்னா சார் பேசியிருக்கேன்?"

சூப்பிரண்டும் கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இல்லாதிருந்தால் கூடைக்குள் கையை விட்டிருப்பேனா, தெரியாது.

கூடையில் இருந்தது டீ நோட்டு. ஒவ்வொருவரிடமும் மாதம் இருநூறு ரூபாய் வாங்கி, பால், தூள், சர்க்கரை வாங்குவது நான். ஒரு ரூபாய் குறைந்தாலும் என் தலையில்தான் விழும் என்ற பயத்தில், வாங்கியது ஒவ்வொன்றையும் எழுதி, மாதக் கடைசியில் துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிவிடுவேன். தீப்பெட்டி வாங்கினால்கூட. ஸ்டாஃப் ரூமே இதைச் சொல்லிக் கிண்டல் செய்யும். நோட்டைப் பிரின்ஸிபால் மேசையில் வைத்து, பக்கத்தைக் காட்டினேன். பேப்பர் கப், நாற்பது ரூபாய். அந்தச் செலவைப் பொதுவில் போடக்கூடாது என்று துறைத் தலைவர் சொன்னதால், சாரின் கணக்கில் சேர்த்திருந்தேன். எல்லோரும் இருநூறு, அவர் மட்டும் இருநூற்று நாற்பது. தன்னைத் தள்ளிவைத்த கப்புக்கு அவரே பணம் கட்டியிருக்கிறார். பக்கம் பக்கமாக ஏழு மாதம். ஏழிலும் துறைத் தலைவரின் கையெழுத்து.

பிரின்ஸிபால் நோட்டை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்பது ரூபாய் விஷயத்தை இனவெறி அது இது என்று பெரிதாக்குகிறார்கள் என்றார் துறைத் தலைவர். சரி, நல்ல கப் ஒன்று புதிதாக வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றார் பிரின்ஸிபால்.

சார் இங்கிலீஷில் பதில் சொன்னார். சத்தம் போடவில்லை. மேடம் எனக்காகத் தமிழில் சொன்னார்: "புதுக் கப் வேணாமாம். என்ன நடந்துச்சு, யார் சொல்லி நடந்துச்சுனு எழுத்துல வேணுமாம். தனக்குப் பின்னால இங்க வேலைக்கு வர்றவங்களுக்கு அது வேணும்னு சொல்றார்." பிறகு மேடம் பிரின்ஸிபால் பக்கம் திரும்பி, பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தவர்களில் தானும் ஒருத்தி, அதையும் எழுதுங்கள் என்றார்.

நான்கு நாள் கழித்து நோட்டீஸ் போர்டில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பணியாளர்கள் அனைவரும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்று இருந்தது. யார், யாரை, என்ன செய்தார் என்று ஒரு வார்த்தை கிடையாது. துறைத் தலைவர் அதே நாற்காலியில் இருக்கிறார். என்னை லேப் கட்டடத்தைப் பெருக்க மாற்றிவிட்டார்கள். வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை; ஜூனில் புதுப்பிப்பார்களா, தெரியாது. சார் அந்தச் சுற்றறிக்கையை ஏற்கவில்லை. பேப்பர் கப்புக்கு வாங்கிய பணத்தையும் திருப்பிக் கேட்டு இரண்டாவது கடிதம் கொடுத்திருக்கிறார். மேடமும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். மூன்றாவதாக, தமிழில், நான்.

ஸ்டாஃப் ரூமை விட்டு வரும் நாளில் நீலக் கப்பை எடுத்துக் கழுவி, அடியில் அடையாளம் வைத்து, பன்னிரண்டாவது கொக்கியை அடித்து மாட்டினேன். சாரிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் அசைத்தார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாததுதான் நியாயம்.

விசாரணையன்று மேசையிலிருந்து கையோடு எடுத்துவந்த டீ நோட்டை ஆபீஸில் கேட்டார்கள். கணக்கு முடியவில்லை என்று சொல்லி, கொடுக்காமல் வைத்திருக்கிறேன். பேப்பர் கப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்கிறாராம் துறைத் தலைவர். ஆகட்டுமே, அதற்காகத்தானே கேட்கிறோம். கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: பேப்பர் கப், ஏழு மாதம், சாருக்குத் தர வேண்டிய பாக்கி இருநூற்று எண்பது ரூபாய்.