நான்கு மாலையும் ஒரு நண்டும்

என் மகள் என்னைத் தீவுக்கு அழைத்துப் போகிறாளாம். மேடவாக்கம் ஃப்ளாட்டின் பால்கனியில் உட்கார்ந்து, கீழே தண்ணீர் லாரி உறுமிக்கொண்டிருக்க, போனைப் பார்த்து வாசித்தாள்: "தீவுக் கடற்கரையில் தவறவிடக் கூடாத பன்னிரண்டு விஷயங்கள்." துடுப்புப் படகு, சூரிய உதயத்தில் யோகா, கிளிஞ்சல் பொறுக்குவது என்று பன்னிரண்டையும் வாசித்து முடித்துவிட்டு, "உனக்கு முட்டி வலி. நீ ரூம்லயே ஏசில இரும்மா, நாங்க போட்டோ எடுத்துட்டு வந்து காட்றோம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கடலைப் போட்டோவில் பார்க்க நான் எதற்கு விமானம் ஏற வேண்டும்? என் கணவர் போய் மூன்று வருஷமாகிறது. அன்றிலிருந்து எல்லோரும் என்னைக் கண்ணாடிச் சாமான் போலத்தான் கையாள்கிறார்கள். "தீவெல்லாம் நீ பொறக்கறதுக்கு முன்னாடியே பாத்தாச்சு" என்றேன். சிரித்தாள், நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

கோவளத்துக்குப் பக்கத்தில், உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடந்த மணல் திட்டு அது. தீவு என்று யாரும் அதைச் சொன்னதில்லை. ஆனால் கழிமுகம் திறந்திருக்கும் மாதங்களில் சுற்றிலும் தண்ணீர்தான். முழங்கால் ஆழத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடந்தால் அந்தப் பக்கம் மனுஷ வாடையே கிடையாது. எனக்கும் என் சிநேகிதிக்கும் அது போதும்.

அங்கே என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் பெருமாள். சம்பங்கி மாலை வாசனை வந்தால் உங்களுக்கெல்லாம் கல்யாண வீடு நினைவுக்கு வரும், எனக்கு உப்புத் தண்ணீர் நினைவுக்கு வரும். அந்தக் கடற்கரைச் சாலையில் கல்யாண வரம் தரும் பெருமாள் கோயில் ஒன்று உண்டு. கல்யாணம் ஆகாதவர்கள் இரண்டு மாலை வாங்கிக்கொண்டு போக வேண்டும். பூஜை முடிந்து ஒன்றைத் திருப்பித் தருவார்கள். அதைக் கழுத்தில் போட்டு ஒன்பது சுற்று வந்து, வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாகப் போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதாவது ஆளுக்கு ஒரு மாலை, ஒரே ஒரு தடவை. இந்தக் கணக்கில்தான் பின்னால் மாட்டிக்கொண்டேன்.

அப்போது நான் தாம்பரத்தில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் இருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை நூல் பிசிறு வெட்டுகிற வேலை. கல்யாணம் வரைக்கும்தான் வேலை என்பது அப்பாவின் சட்டம். மாசம் ஒரு குடும்பம் வந்து, கேசரி சாப்பிட்டு, "போய் லெட்டர் போடறோம்" என்று சொல்லிவிட்டுப் போகும். கவலை தாங்காமல் அம்மா என்னை அந்தக் கோயிலுக்கு அனுப்பினாள். துணைக்கு என் பக்கத்து மேசை ஸ்டெல்லா வந்தாள். கோவளத்துக் குப்பத்துப் பெண், மாதா கோயில் தவிர வேறு கோயில் வாசல் மிதிக்காதவள். ஒன்பது சுற்றும் என் செருப்பைக் காவல் காத்துவிட்டு, "உன் சாமி வேல முடிஞ்சுதா? வா, என் எடத்த காட்றேன்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

அவ்வளவுதான், நான் கெட்டுப்போனேன்.

அந்தத் திட்டில் என்ன செய்தோம் என்று கேட்டால் மகளின் பன்னிரண்டுக்குப் பக்கத்தில்கூட வராது. சேற்றில் கால் கட்டைவிரலால் துழாவி மட்டிச் சிப்பி எடுத்தோம். மணல் கலந்த எலுமிச்சை சாதத்தை நறநறவென்று தின்றோம். கம்பெனி சூப்பர்வைசரின் பெயரைச் சொல்லிக் கடலைப் பார்த்துத் தொண்டை கிழியத் திட்டினோம். லெட்டர் போடாத மாப்பிள்ளைகள் பெயரையெல்லாம் ஈர மணலில் எழுதிவிட்டு அலைக்குக் காத்திருந்தோம். மற்றபடி மல்லாந்து படுத்துக்கிடந்தோம். இருபத்து மூன்று வயது வரை வெட்டவெளியில் மல்லாந்து படுத்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த மாசமும் போக வேண்டுமே? "ஒன்பது சுத்துல ஒண்ணு குறைஞ்சுடுச்சும்மா" என்றேன். அதற்கடுத்த மாசம், அர்ச்சனையில் நட்சத்திரத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதற்கும் அடுத்த மாசம், மாலை அறுந்து விழுந்ததாகக் கனவு வந்தது. நடுவில் கல்யாணம் என்ற சொல் இருந்தால் எங்கள் வீட்டில் எதையும் நம்புவார்கள். சாமி அலமாரியில் மூன்று மாலைகள் வரிசையாகக் காய்ந்து தொங்கின.

கனவைச் சொல்லிக் கிளம்பிய அந்த நான்காவது தடவைதான் வினை. திட்டில் மாலையைப் பத்திரமாகக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்டெல்லாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாத்துக்கு அத்த கைல வெச்சிகினு நிக்கிற? கழுத்துல போட்டுகினு எறங்குடி. கடலுக்கே உன்ன கட்டிக் குடுத்துட்றேன்!" இறங்கினேன். மார்பளவு தண்ணீரில் மாலையும் நானும் முங்கி முங்கி எழுந்தோம். அந்த அரை மணி நேரத்தில் நான் யாருக்கும் மகள் இல்லை, யாரும் பார்த்துவிட்டுப் போன பெண்ணும் இல்லை.

சாயங்காலம் அம்மா விளக்கேற்றப் போனாள். நான்காவது மாலையிலிருந்து நகக்கண் அளவு நண்டு ஒன்று இறங்கி, கற்பூரத் தட்டுக்கு எதிரே நின்றது.

"பெருமாள் கோயில்ல நண்டு ஏதுடி?"

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "வேலைக்குப் போனது போதும். நாளையிலருந்து வீட்ல இரு."

வாயில் இன்னொரு பொய் தயாராக இருந்தது. ஆனால் அந்த நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு அப்பாவையே பார்த்தபடி நின்றது. அத்தனூண்டுக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லாமல் போவதா? "கடலுக்குத்தான் போனேன்" என்றேன். "நாளைக்கு வேலைக்கும் போவேன். அடுத்த ஞாயித்துக்கிழமை கடலுக்கும் போவேன்."

மறுநாள் வேலைக்குப் போனேன். மூன்று நாள் அம்மா டிபன் கட்டவில்லை. ஸ்டெல்லாவின் மீன்குழம்பில் பாதி எனக்கு வந்தது. நான்காம் நாள் மேசைமேல் டப்பா இருந்தது. திறந்தால் எலுமிச்சை சாதம், இரண்டு பேருக்கு.

பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவரிடம் மட்டும், "கடலுக்கு வருவீங்களா?" என்று கேட்டேன். "நீச்சல் தெரியாது. கரையில உக்காந்து செருப்பைப் பாத்துக்கறேன்" என்றார். அவரையே கட்டிக்கொண்டேன். மாலைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பட்டர் நான்கையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "எத்தனை பொண்ணுக்கும்மா கல்யாணம் ஆச்சு?" என்றார்.

மகள் பட்டியல் வாசித்த மறுநாள் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். குப்பத்து வீடு போய், அவள் இப்போது பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிளம்பினோம். கோயில் வாசலில் இரண்டு மாலை வாங்கினோம். "யாருக்கும்மா கல்யாணம்?" என்று பூக்காரம்மா என் வெறும் நெற்றியைப் பார்த்தபடி கேட்டாள். "எங்க ரெண்டு பேருக்கும்தான்" என்றாள் ஸ்டெல்லா.

திட்டு இருந்த பக்கம் இப்போது ரிசார்ட் மதில். கழிமுகத்தின் இருபுறமும் பாறாங்கல் கொட்டி ஆழப்படுத்திவிட்டார்கள். நடந்து கடக்கிற பேச்சே இல்லை. மதிலோரம் அலை நனைக்கிற மணல்தான் மிச்சம். செருப்பைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, கழற்றி மதிலோரம் ஒரு கல்லின்மேல் ஏற்றி வைத்தேன். மாலையைப் போட்டுக்கொண்டு முட்டிவரை இறங்கினோம். காவலாளி விசிலடித்துக்கொண்டு ஓடிவந்தான். "மேடம், இங்க ரூம் புக் பண்ணவங்க மட்டும்தான்."

"மணல உன் மொதலாளி புக் பண்ணிக்கட்டும்" என்றாள் ஸ்டெல்லா. "நாங்க தண்ணில நின்னுகினு கீறோம். தண்ணிய யாருப்பா புக் பண்ணிகீறது?"

அவன் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நாங்களும் இறங்கவேண்டிய மட்டும் இறங்கி, முட்டி வலிக்க வலிக்க நின்றுவிட்டுத்தான் ஏறினோம்.

வீட்டில் மகள் ஈரப் புடவையைப் பார்த்துக் கத்தினாள். கத்தட்டும். "அடுத்த ஞாயித்துக்கிழமையும் போவேன்" என்று சொல்லிவிட்டு, சாமி அலமாரிக்கு முன்னால் ஒரு பேப்பரை விரித்து மாலையை உதறினேன். கைப்பிடி மணல் விழுந்தது. விரலால் தள்ளித் தள்ளி, இரண்டு தடவை பார்த்தேன். நண்டு இல்லை.